120 மணி நேரத்தில் மலேசியத் தமிழர் வரலாறு: டிப்ளோமா பாடத்திட்டத்துக்குக் கருத்து தேவை

செந்தூல் விரிவுரையாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் கற்பிக்கிறேன். தமிழியல் டிப்ளோமா மாணவர்களுக்காக ‘மலேசியத் தமிழர் சமூக வரலாறு’ என்ற 3 கிரெடிட் பாடம் அடுத்த பருவத்தில் தொடங்கவிருக்கிறது. பாடத்திட்டம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எங்கள் துறையில் இப்படியொரு பாடம் இதற்கு முன் இருந்ததில்லை. பார்த்து எழுத முன்மாதிரியும் இல்லை.

14 வாரங்களுக்கு நான் போட்டிருக்கும் வரைவு: கடாரமும் (இன்றைய கெடா) சோழர் தொடர்பும், மலாக்காச் செட்டிகள் (அங்கே பழங்காலத்தில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்), பினாங்கின் தொடக்கக் குடியேற்றம், ஒப்பந்தக் கூலி முறை, கங்காணி (ஊரிலிருந்து ஆள் சேர்த்துவரும் மேற்பார்வையாளர்) முறை, தோட்ட வாழ்க்கை, தமிழ்ப்பள்ளிகள், சீர்திருத்த இயக்கம், ஜப்பானியர் ஆட்சியும் சயாம் (சயாம்-பர்மா) ரயில் பாதையும், இந்திய தேசிய ராணுவம், விடுதலையும் குடியுரிமையும், தோட்டத் துண்டாடல் (பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்றது), நகர்ப்புற இடப்பெயர்வு, இன்றைய நிலை. மதிப்பீட்டில் இடைத்தேர்வுக்கு 20, இடுபணிக்கு 20, இறுதித் தேர்வுக்கு 60.

மாணவர்களில் ஒரு பகுதியினர் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) வரை தமிழ் எடுத்தவர்கள். மற்றவர்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்ததோடு தமிழ் வாசிப்பை விட்டு, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியிருக்கிறார்கள். பலர் பகலில் வேலை செய்கிறார்கள். வகுப்பு வார இறுதியில்தான். துறைத்தலைவரிடம் கொடுப்பதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும். இன்னும் எதையெல்லாம் சேர்க்கலாம்?

கிள்ளான் பேரன் எழுதியது:

சகோதரி, பட்டியலை இரண்டு முறை படித்தேன். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம் எங்கே? ‘தோட்ட வாழ்க்கை’ என்ற தலைப்புக்குள் அது அடங்கிவிடும் என்று நினைக்கிறீர்களா? அடங்காது.

அந்தத் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறாமை, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக அனுமதி, துரையை (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகியை) கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. கூலி கேட்டார்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடிய போராட்டம் இல்லை இது. அடக்குவதற்குப் படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஜப்பானியர் நாட்டுக்குள் நுழைந்ததற்குச் சில மாதங்களுக்கு முன்னர் நடந்தது இதெல்லாம். இதை ஒரு வரியில் கடந்துபோகும் பாடத்தை வரலாற்றுப் பாடம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று வாரம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதியது:

சேர்ப்பதைப் பிறகு பார்ப்போம், அம்மா. முதலில் மணிக்கணக்கு.

எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) விதிப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேரக் கற்றல். உங்கள் பாடத்துக்கு 120 மணி நேரம். வாரம் மூன்று மணி நேரம் என்று 14 வாரம் வகுப்பு நடத்தினால் 42 மணி நேரம் ஆகிறது. இரண்டு தேர்வுகளுக்கும் நான்கு மணி நேரம் வைத்தால்கூட மீதி 74. அந்த 74 மணி நேரத்தில் மாணவர் என்ன செய்கிறார்? உங்கள் வரைவில் அதற்குப் பதிலே இல்லை. வகுப்பில் நீங்கள் பேசப்போகும் தலைப்புகள் மட்டும்தான் அதில் இருக்கின்றன.

அங்கீகார விண்ணப்பத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் விரிவுரை எவ்வளவு, டுட்டோரியல் எவ்வளவு, தனிக்கற்றல் எவ்வளவு என்று நிரப்பும் அட்டவணை 4 உங்களுக்கும் வரும். கடைசிக் கட்டத்தில் 120 வரும்வரை எண்களை அங்கும் இங்கும் நகர்த்தி அனுப்பும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. எனக்கு அது மிகவும் வருத்தம் தரும் விஷயம். அந்த அட்டவணையை நேர்மையாக நிரப்பினால், பாடத்திட்டத்தின் பாதிக் குறைகளை அதுவே காட்டிக் கொடுத்துவிடும். ஒரு தலைப்புக்கு ஆறு மணி நேரத் தனிக்கற்றல் என்று எழுதுகிறீர்கள் என்றால், அந்த ஆறு மணி நேரத்தில் எந்தப் பக்கங்களை வாசிக்கிறார், எதை எழுதுகிறார், யாரைப் போய்ப் பார்க்கிறார் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

ரால்ஃப் டைலர் 1949இல் பாடத்திட்டம் அமைப்போருக்கு நான்கு கேள்விகளை வைத்தார். எந்த நோக்கத்துக்காகக் கற்பிக்கிறோம், அதற்கு எந்தக் கற்றல் அனுபவம் உதவும், அந்த அனுபவங்களை எப்படி வரிசைப்படுத்துவது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது. நீங்கள் மூன்றாவது கேள்வியில் தொடங்கியிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் போங்கள். கடைசி வகுப்பு முடிந்து வெளியே போகும் மாணவர், உள்ளே வந்தபோது செய்ய முடியாத எதைச் செய்ய முடிந்தவராகப் போகிறார்? மூன்று அல்லது நான்கு கற்றல் பேறுகளுக்கு மேல் வேண்டாம். டிப்ளோமா என்பது தகுதிக் கட்டமைப்பின் எட்டு நிலைகளில் நான்காவது, இளங்கலை ஆறாவது. ‘கோட்பாட்டு அடிப்படையில் மறுவாசிப்பு செய்வர்’ போன்ற வாக்கியங்களை இளங்கலைக்கு விட்டுவிடுங்கள்.

ஜார்ஜ்டவுன் வாசகர் எழுதியது:

மணிக்கணக்கு சரிதான், ஐயா. ஆனால் அந்த மணி எதில் செலவாகிறது என்பதும் பேச வேண்டிய விஷயம். 14 வாரத்தில் பினாங்குக்கு ஒரே வாரம். அடுத்த வாரமே ஒப்பந்தக் கூலி, கங்காணி, லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று தோட்டத்துக்குள் போய்விடுகிறீர்கள். மலேசியத் தமிழர் என்றால் பால்மரம் வெட்ட (ரப்பர் பால் எடுக்க) வந்தவர்கள் என்ற ஒரே கதையைத்தான் நம் பிள்ளைகள் பள்ளியிலும் கேட்கிறார்கள். கல்லூரியிலுமா?

1786இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இங்கே வந்திறங்கிய பின் சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்களும் படகோட்டிகளும் துறைமுகத் தொழிலாளர்களும் வந்து சூலியாத் தெருவை நிரப்பினார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801. குயின் தெரு மாரியம்மன் கோவில் 1833. பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஆண்டு 1816. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக நாம் கொண்டாடுவதே அதைத்தான். ரப்பர் தோட்டங்கள் பெருகுவதற்கு முன்பே இங்கே தமிழ் முஸ்லிம்களும் செட்டியார்களும் கணக்கு எழுதி, கப்பல் ஏற்றி, கடன் கொடுத்து வாழ்ந்தார்கள். ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் உங்கள் வரைவில் தலையே காட்டவில்லை.

தோட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. என் தாயாரின் குடும்பமே தோட்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் துறைமுகத் தமிழரை ஒரு முன்னுரையாக வைத்துவிட்டு நகர்ந்துபோவதை ஏற்க மாட்டேன்.

பிறையிலிருந்து எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பகுதிநேரமாக டிப்ளோமா முடித்தவள். ஒரு மாணவியாக ஒரு விஷயம் சொல்ல அனுமதியுங்கள்.

74 மணி நேரம் என்று ஐயா எழுதியதைப் பார்த்ததும், அதை நான் எங்கிருந்து எடுத்தேன் என்றுதான் நினைத்தேன். இரவு ஷிப்ட் முடிந்த காலைகள், கம்பெனி பஸ்ஸில் போகும் நேரம், ஞாயிற்றுக்கிழமை மாலை. வாசிக்க வேண்டிய பக்கங்களை முதல் வாரத்திலேயே மொத்தமாகக் கொடுத்த விரிவுரையாளரின் பாடத்தில் நான் நன்றாகச் செய்தேன். வகுப்புக்கு முந்தைய நாள் புலனத்தில் (வாட்ஸ்அப்) 40 பக்கக் கோப்பு அனுப்பியவரின் பாடத்தில் ஒன்றுமே வாசிக்கவில்லை. ஆறாம் ஆண்டோடு தமிழை விட்டவர்களுக்கு ஆய்வுக் கட்டுரையின் தமிழ் மிகவும் மெதுவாகத்தான் நகரும். வாரம் பத்துப் பக்கம் என்று வைத்தால் வாசித்துவிடுவார்கள். முப்பது பக்கம் என்று வைத்தால் யாராவது ஒருவர் வாசித்து மற்றவர்களுக்குச் சுருக்கம் அனுப்புவார்.

செந்தூல் விரிவுரையாளர் எழுதியது:

பிறை சகோதரிக்கு மிக்க நன்றி. வாசிப்புப் பக்கங்களை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவது என்று உடனே முடிவு செய்துவிட்டேன்.

ஐயா சொன்னபடி கற்றல் பேறுகளிலிருந்து தொடங்கினேன். மூன்று கிடைத்திருக்கின்றன. ஒன்று, தமிழர்கள் எந்த வழிகளில், எந்தக் காரணங்களால் மலாயாவுக்கு வந்து குடியேறினார்கள் என்பதை விளக்குவது. இரண்டு, பழைய செய்தியோ அறிக்கையோ கடிதமோ ஒன்றைக் கையில் கொடுத்தால், எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று ஆராய்வது. மூன்று, ஒரு குடும்பத்தின் அல்லது ஊரின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டி, ஆவணத்தோடு ஒப்பிட்டு எழுதுவது.

என் சிக்கல் இப்போது வேறு. கிள்ளானுக்கு மூன்று வாரம், பினாங்குக்கு மூன்று வாரம் கொடுத்தால் மற்றதெல்லாம் எங்கே போகும்? கடாரத்தை விட்டால் சக விரிவுரையாளர்கள் கேள்வி கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதியது:

நல்ல பேறுகள். இரண்டாவதை நான் வெகுவாக மதிக்கிறேன். அது வந்தால் மாணவர் பிறகு எந்த வரலாற்றையும் தானே வாசித்துக்கொள்வார்.

கடாரத்தை எடுத்துவிடுங்கள் என்று துணிந்து சொல்கிறேன். ராஜேந்திர சோழனின் 1025 படையெடுப்பும் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கும் பெரிய விஷயங்கள். அவற்றுக்கென்று தனிப் பாடம் இருக்கலாம். இன்றைய நம் சமூகம் பெரும்பாலும் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் வந்தவர்களின் வழித்தோன்றல். சமூக வரலாறு என்று பெயர் வைத்துவிட்டுப் பேரரசின் கதையில் தொடங்கினால், மாணவர் தன் கொள்ளுப்பாட்டியைத் தேடாமல் மன்னரைத் தேடுவார். சக விரிவுரையாளர்கள் கேட்டால் மூன்று பேறுகளையும் எடுத்து முன்னால் வைத்து, கடாரம் இதில் எதற்கு உதவுகிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.

மற்றவற்றை 14 தனித் தலைப்புகளாக வைக்காமல் நான்கு அலகுகளாகக் கட்டுங்கள். ஒவ்வொரு அலகுக்கும் மூன்று வாரம்: ஒரு வாரம் பின்னணி, ஒரு வாரம் ஒரே ஒரு மூல ஆவணம், ஒரு வாரம் அதையொட்டிய விவாதம். முதல் வாரம் அறிமுகத்துக்கு, கடைசி வாரம் மாணவர் படைப்புக்கு. துறைமுகம் ஓர் அலகு. கிள்ளான் பேரன் கேட்ட மூன்று வாரம் தோட்ட அலகில் கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் 1941இன் கோரிக்கைப் பட்டியலையே அந்த அலகின் ஆவணமாக வைக்கலாம். கள்ளுக்கடையை மூடு என்று ஏன் கேட்டார்கள் என்று விளக்கப் போனால் தோட்டத்தின் கூலி, கடன், குடும்பம் எல்லாம் வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டதை விளக்கப் போனால் 1923 தொழிலாளர் சட்டமும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் வரும். ஓர் ஆலமரத்தின் விழுதைப் பிடித்து ஏறுவது போல, ஒரு கோரிக்கையைப் பிடித்தால் போதும்.

கிள்ளான் பேரன் எழுதியது:

இதை முழு மனத்தோடு ஏற்கிறேன், ஐயா. கோரிக்கைகளை மாணவர் கையில் கொடுத்துவிட்டால் நான் வாதாட வேண்டியதே இல்லை.

ஏடு புரட்டி எழுதியது:

நூலகத்தில் வேலை செய்பவன் என்பதால் ஆவணங்களைப் பற்றி எழுதுகிறேன். பாடத்திட்டத்தில் ‘மூல ஆவணம்’ என்று எழுதுவது எளிது. பருவம் தொடங்கிய பிறகு அதைத் தேடி ஓடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. எழுதும்போதே நான்கு ஆவணங்களையும் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களும் அக்கால ஆங்கில நாளிதழ்களும் இருக்கின்றன. 1941 போராட்டம் தொடர்பாக ஒரு தமிழ்ச் செய்தியையும் ஓர் ஆங்கிலச் செய்தியையும் அருகருகே வைத்து ஒரு டுட்டோரியல் நடத்தலாம். இரண்டாவது கற்றல் பேறுக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. மாணவர்களை ஒருமுறையாவது கூட்டிக்கொண்டு போங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. தனிநாயகம் அடிகள் அங்கே பணியாற்றிய காலத்தில்தான், 1966இல், முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இத்துறை சார்ந்த நல்ல சேகரிப்பு உண்டு. வெளி மாணவர் நுழைவுக்குக் கல்லூரியின் கடிதம் முன்கூட்டியே தயாராக இருந்தால் நல்லது.

கெப்போங் அக்கா எழுதியது:

இவ்வளவு பேசியிருக்கிறீர்கள், பெண்கள் எங்கே? தோட்டத்தில் ஆணுக்குச் சமமாக மரம் வெட்டிய பெண்ணுக்குக் குறைந்த கூலி. இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் மலாயாப் பெண்கள் ஏராளம். கோலாலம்பூரில் வளர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் அந்தப் படையில் தலைமைப் பொறுப்பு வகித்து, பிறகு 1946இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தோன்றியபோதும் உடனிருந்தார். சாதி எங்கே? கங்காணி தன் ஊரிலிருந்து தன் உறவுக்காரர்களையும் சாதிக்காரர்களையும் கூட்டிவந்தபோது, ஊரில் இருந்த வேலியும் கூடவே வந்தது. அதைப் பேசாமல் சமூக வரலாறு எப்படி நிறைவுபெறும்?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதியது:

பெண்களையும் சாதியையும் தனி வாரமாக ஒதுக்கினால் மற்ற 13 வாரங்களில் மறந்துவிடுவோம். எல்லா அலகிலும் ஊடாக வர வேண்டும் என்பது என் கருத்து.

கெப்போங் அக்கா எழுதியது:

மன்னிக்கவும் ஐயா, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ‘ஊடாக வரும்’ என்று எழுதப்பட்டவை வகுப்பில் வருவதே இல்லை என்பதை எத்தனையோ பாடத்திட்டங்களில் பார்த்துவிட்டோம். அட்டவணையில் மணி நேரம் ஒதுக்கப்படாத எதுவும் பருவத்தின் ஒன்பதாம் வாரத்தில் காணாமல் போய்விடும். நீங்கள்தானே மணிக்கணக்கு முதலில் என்றீர்கள்? அதே கணக்கில் இதற்கும் மணி நேரம் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதியது:

நியாயமான கேள்வி. ஒவ்வொரு அலகின் விவாத வாரத்திலும் ஒரு மணி நேரம் என்று எழுத்தில் போட்டுவிடுவோம். நான்கு அலகுக்கு நான்கு மணி நேரம். ஒரு வாரத்துக்கு மேலாகவே கிடைக்கிறது.

பங்சார் ஆசிரியர் எழுதியது:

மதிப்பீட்டுக்கு வாருங்கள். 60 விழுக்காடு இறுதித் தேர்வை வைத்துக்கொண்டு இந்த மூன்று பேறுகளையும் அளக்க முடியாது. வாய்மொழி வரலாறு திரட்டும் திறனைத் தேர்வு மண்டபத்தில் எப்படிச் சோதிப்பீர்கள்? மாணவர்கள் மதிப்பெண் இருக்கும் பக்கம்தான் உழைப்பார்கள். அதில் அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று. ‘சயாம் ரயில் பாதை குறித்துக் கட்டுரை எழுதுக’ என்று இடுபணி கொடுத்தால் இன்று செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். 1942, 43இல் 415 கிலோமீட்டர் பாதைக்காக ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்ட நம் மக்களைப் பற்றி ஒரு மாணவர் எதையும் உணராமலேயே முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. தன் தாத்தாவிடமோ பக்கத்து வீட்டு மூதாட்டியிடமோ உட்கார்ந்து கேட்டு எழுதியதை எந்த இயந்திரமும் தர முடியாது. ஒலிப்பதிவு, கைக்குறிப்பு, கட்டுரை மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். பிறகு பத்து நிமிட நேர்முகம்.

25 மாணவர்கள் என்றால் நேர்முகத்துக்கு 250 நிமிடம் தேவை. அதற்கு இரண்டு டுட்டோரியல் வாரங்களை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். பிறகு நேரம் கிடைக்காது. பேட்டி கொடுப்பவரிடம் எழுத்து வழி ஒப்புதல் வாங்கும் படிவமும் பாடத்திட்டத்தோடு இணைக்கப்பட வேண்டும். வீட்டுக்கு வீடு பேச விரும்பாத விஷயங்கள் இருக்கின்றன. நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்பதையும் மாணவருக்குக் கற்பிக்க வேண்டும்.

செந்தூல் விரிவுரையாளர் எழுதியது:

எல்லோருடைய கருத்துகளையும் வைத்துப் புதிதாக எழுதியிருக்கிறேன்.

முதல் வாரம் அறிமுகமும் ஆவணம் வாசிக்கும் முறையும். 2 முதல் 4 வரை துறைமுகத் தமிழர்: பினாங்கு, வணிகர்கள், யாழ்ப்பாணத்தார். மலாக்காச் செட்டிகளையும் இதிலேயே சுருக்கமாகச் சேர்த்துவிட்டேன். 5 முதல் 7 வரை தோட்டம்: 1910இல் ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது, கங்காணி முறை, தொழிலாளர் மலாயாவுக்கு அனுப்பப்படுவதற்கு 1938இல் இந்திய அரசு விதித்த தடை, அங்கிருந்து 1941. 8 முதல் 10 வரை போர்க்காலம்: ரயில் பாதையும் இந்திய தேசிய ராணுவமும். 11 முதல் 13 வரை விடுதலைக்குப் பின்: குடியுரிமை, தோட்டத் துண்டாடல், அதற்கு எதிராக 1960இல் ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், வேலை அனுமதிச் சிக்கலால் 1969க்குப் பின் நாடு திரும்பியவர்கள், நகர்ப்புற இடப்பெயர்வு. 14ஆம் வாரம் மாணவர் படைப்பு. சீர்திருத்த இயக்கத்துக்குத் தனி வாரம் இல்லை. 1929இல் பெரியார் மலாயா வந்ததைத் தோட்ட அலகின் பின்னணி வாரத்தில் வைத்திருக்கிறேன். சாதி குறித்த விவாதத்துக்கு அது சரியான வாசல் என்று நினைக்கிறேன்.

மதிப்பீடு: சிறு வாசிப்புச் சோதனைகளுக்கு 15, ஆவண ஆய்வுக்கு 20, வாய்மொழி வரலாற்றுக்கு நேர்முகத்தோடு சேர்த்து 35, இறுதித் தேர்வுக்கு 30. தேர்வில் மாணவர் முன்பு பார்த்திராத ஓர் ஆவணம் இருக்கும். வாசிப்பு வாரம் பத்துப் பக்கம். நேர்முகம் 12, 13ஆம் வார டுட்டோரியலில்.

பினாங்குப் பயணம் ஒன்றையும் சேர்த்திருக்கிறேன், 10ஆம் வாரத்தில். ரயிலில் போய்வரும் நேரத்தையும் கற்றல் மணியில் கணக்கிட்டால் 120 சரியாக வருகிறது.

ஜார்ஜ்டவுன் வாசகர் எழுதியது:

10ஆம் வாரம் வேண்டாம், சகோதரி. அப்போது நீங்கள் போர்க்காலத்தில் இருப்பீர்கள். துறைமுகத்தைப் பார்த்து என்ன பயன்? 3ஆம் வாரத்தில் வாருங்கள். பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரியில் வந்தால் குடியேறிகள் பார்த்த திசையிலிருந்தே ஊரைப் பார்க்கலாம். பள்ளிவாசல், குயின் தெருக் கோவில், செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த பினாங்குத் தெரு எல்லாம் நடந்துபோகும் தூரம். ஒவ்வொரு மாணவரும் ஒரு கட்டடத்தையோ கல்வெட்டையோ தேர்ந்தெடுத்து அதையே ஆவண ஆய்வாக எழுதட்டும்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதியது:

3ஆம் வாரத்தை நானும் வழிமொழிகிறேன். ஆனால் ரயிலில் கழியும் நேரத்தை 120இல் சேர்க்காதீர்கள், அம்மா. ஊரில் நடந்து, பார்த்து, குறிப்பெடுக்கும் நேரத்தை மட்டும் எழுதுங்கள். குறைந்துபோகும் மணிகளை வாய்மொழி வரலாற்றின் எழுத்துப் பணிக்குக் கொடுங்கள். ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டுக் கேட்டு எழுத நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அதற்கு நீங்கள் இன்னும் இடம் வைக்கவில்லை.

செந்தூல் விரிவுரையாளர் எழுதியது:

மாற்றிவிட்டேன், ஐயா. பயணம் 3ஆம் வாரத்துக்குப் போனது. ரயில் நேரத்தை எடுத்துவிட்டுப் பேட்டியை எழுத்தாக்குவதற்கு ஆறு மணி நேரம் வைத்திருக்கிறேன். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் மலாயிலும் இன்றிரவு எழுதிவிடுவேன். ஏடு புரட்டி, தோட்ட அலகுக்கான இரண்டு செய்திகளையும் தேர்ந்தெடுக்க உங்கள் உதவி வேண்டும். எந்த வாரத்து இதழ்களிலிருந்து தேடத் தொடங்கலாம்?

ஏடு புரட்டி எழுதியது:

1941 மார்ச் முதல் மே வரை தேடுங்கள். கிள்ளான் என்று தேடினால் ஏராளமாக வரும். நாதன் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். கிடைத்தவற்றை எனக்கு அனுப்பினால் மாணவர் வாசிக்கத் தக்க அளவில் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.